பட்டா யார் பேரில்? – பஞ்சமி நிலம் பற்றி வாசகர் கேள்விகள்

பதில் எழுதுபவர்: ஓய்வுபெற்ற தனி வட்டாட்சியர்

சென்ற இதழில் பட்டா மாறுதல் பற்றி எழுதும்போது பஞ்சமி நிலத்தை ஒரே ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போனேன். பஞ்சமர் என்று அன்று அழைக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு வெள்ளைக்காரர் காலத்தில் அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம் அது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரிக்குத்தான். எனவே இந்த இதழ் முழுக்க அதற்கே. அடுத்த வீட்டுக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டிய விவகாரங்கள் அடுத்த மாதம் வரை பொறுத்திருக்கட்டும்.

ஐயா, எங்கள் தாத்தாவுக்கு ஏரிக்குக் கிழக்கே ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் இருந்தது. கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனுக்காக ஒருவர் தாத்தாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார். இன்று அங்கே கம்பி வேலி போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். பட்டாவும் அவர்கள் பேரில். பாட்டி சாகும்வரை “அது பஞ்சமர் நெலம், யாரும் வாங்க முடியாது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை. திரும்பக் கிடைக்குமா? – வாசகி, மதுராந்தகம் வட்டம்

அம்மா, உங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் தாத்தா எப்படி ஏமாற்றப்பட்டார் என்பதற்கே போயிருக்கிறது. நீங்கள் எழுதியபடியே நடந்திருக்கும், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனுவில் அதை முதலில் வைக்காதீர்கள். ஏமாற்றினார்கள் என்று தொடங்கினால் “நிரூபி” என்பார்கள். கைநாட்டு வைத்தவரும் போய்விட்டார், சாட்சி போட்டவர்களும் போய்விட்டார்கள். அந்தக் காலத்துக் கிரயப் பத்திரங்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். “என் குடும்பச் செலவுக்காகவும் சில்லறைக் கடன் தீர்ப்பதற்காகவும் தங்களிடம் ரொக்கம் முன்னமே பற்றிக்கொண்டபடியால்” என்று எழுதியிருக்கும். அந்த “முன்னமே” எப்போது, எவ்வளவு என்று எந்தக் கோர்ட்டாலும் இன்று கண்டுபிடிக்க முடியாது. சாட்சி இருவரில் ஒருவர் வாங்கியவரின் கணக்குப்பிள்ளையாகவே இருப்பார்.

நீங்கள் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் புல எண் பஞ்சமி நிலம், அதாவது நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலம். முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது; அதன் பிறகு கைமாறினாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்ளேயே கைமாற வேண்டும்; மீறினால் நஷ்டஈடு இல்லாமல் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனையின் சாரம் அவ்வளவுதான். இது நிலைநாட்டப்பட்டுவிட்டால், உங்கள் தாத்தா முழு மனதோடு, முழு விலை வாங்கிக்கொண்டு, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் மற்ற வகுப்பாருக்கு எழுதிய அந்தக் கிரயம் செல்லாது. உயர் நீதிமன்றம் இதைப் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. பாட்டி சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் உங்கள் வழக்கு.

காகிதம் உங்களிடம் இல்லை, இருக்கவும் இருக்காது. அது சர்க்காரிடம்தான் இருக்கிறது. முதலில் வேலிக்குள் இருக்கும் நிலத்தின் இன்றைய புல எண்ணைப் பிடியுங்கள். அதன் பழைய எண் என்ன என்பதை ஒப்பீட்டுப் பதிவேடு சொல்லும். பிறகு அந்தப் பழைய எண்ணுக்கு, யு.டி.ஆருக்கு (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த வேலைக்கு) முந்தைய ஏ பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணின் வகை, அளவு, பட்டாதாரர் விவரம் உள்ள கிராமப் பதிவேடு), மறு நிலவரித் திட்டப் பதிவேடு, பழைய அடங்கல் (சாகுபடிக் கணக்கு) ஆகியவற்றின் நகல் கேளுங்கள்.

ஏன் யு.டி.ஆருக்கு முந்தையது என்று அழுத்திச் சொல்கிறேன் என்றால், கதை அங்கேதான் திரும்புகிறது. 1979இல் தொடங்கி எண்பதுகளின் பாதியைத் தாண்டியும் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. நான் அப்போது இளநிலை உதவியாளர். ஒரு கிராமத்தின் பழைய ஏ பதிவேடு இன்னும் கண்ணில் நிற்கிறது: காக்கித் துணி அட்டை, ஓரம் பொடிந்த தாள், கடைசிக் கலத்தில் சிவப்பு மையில் “டி.சி. கண்டிஷன்” (டிப்ரஸ்டு கிளாஸ், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கான நிபந்தனை) என்று வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு எண்களுக்கு எழுதி, கீழே ஒரு சுருக்கொப்பம். புதுப் பதிவேட்டில் அதே எண்கள் இருந்தன, விஸ்தீரணம் இருந்தது, தீர்வை இருந்தது. கடைசிக் கலம் மட்டும் வெறுமை. பட்டாதாரர் கலத்தில் யார் உழுகிறாரோ, அல்லது யார் உழுவதாகக் கணக்குப்பிள்ளை சொன்னாரோ, அவர் பெயர். ஆணை எதுவும் போடாமல், ஒரு ஆளைக்கூடக் கூப்பிட்டு விசாரிக்காமல், பல இடங்களில் நிபந்தனை இப்படித்தான் காணாமல் போனது. இன்று கம்ப்யூட்டரில் வருவது அந்தப் புதுப் பதிவேட்டின் வாரிசு. அதில் தேடி “ரயத்துவாரி நிலம் (சாதாரணப் பட்டா நிலம்) என்றுதானே இருக்கிறது” என்று மனம் உடைந்துபோகாதீர்கள்.

பழைய பதிவேட்டின் நகல் கிடைத்ததும் மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். மாவட்ட வருவாய் அலுவலருக்கும் கோட்டாட்சியருக்கும் நகல் அனுப்புங்கள். பதிவுத் தபால்தான், நேரில் கொடுத்துவிட்டுச் சும்மா வரக்கூடாது. ஆறு மாதத்தில் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு, மனுவை இத்தனை வாரத்துக்குள் முடிவு செய்யும்படி உத்தரவு வாங்கலாம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். யாராவது ஒரு வக்கீல் “உரிமை விளம்புகை வழக்கு போடலாம்”, அதாவது நிலம் உங்களுடையது என்று சிவில் கோர்ட்டை அறிவிக்கச் சொல்லலாம் என்று அவசரப்படுத்தினால் இரண்டாவது ஆளிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிவில் கோர்ட்டில் எதிரி எடுக்கும் முதல் ஆயுதம் எதிரிடை அனுபோகமும் (பல வருஷம் என் கையில் இருந்ததால் எனக்கே சொந்தம் என்ற வாதம்) காலாவதியும்தான். நிபந்தனை என்ற உங்கள் பலமான இடத்தை விட்டு அவருக்கு வசதியான களத்தில் போய் நிற்பானேன்?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. பட்டியல் சாதியாருக்கு உரிய அல்லது ஒப்படைக்கப்பட்ட நிலத்தை முறைகேடாக அனுபவிப்பதும், அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதும் அதன் 3ஆம் பிரிவில் குற்றம்.

ஒரு கசப்பான விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நிபந்தனை மீறல் நிரூபணமானால் நிலம் முதலில் அரசுக்குத்தான் திரும்பும். அதை மீண்டும் யாருக்கு ஒப்படைப்பது என்பது அடுத்த கட்டம். தகுதியுள்ள ஆதிதிராவிடர் யாருக்கும் கொடுக்கலாம். வாரிசு என்பதால் தானாக உங்களிடம் வந்துவிடாது. எனவே முதல் மனுவிலேயே இரண்டு கோரிக்கை இருக்க வேண்டும்: ஒப்படையை மீட்க வேண்டும், மீட்ட நிலத்தை மூல ஒப்படைதாரரின் வாரிசான எங்களுக்கே மறு ஒப்படை செய்ய வேண்டும். வாரிசுச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் அதோடு இணையுங்கள். முதல் பாதியை மட்டும் கேட்டு ஜெயித்துவிட்டு, இரண்டாம் பாதிக்கு இன்னொரு பத்து வருஷம் அலைந்தவர்கள் உண்டு.

பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று மேடையில் கேட்கிறேன். வெள்ளைக்காரன் ஏன் இதைக் கொடுத்தான்? – கல்லூரி மாணவர், விழுப்புரம்

தம்பி, ‘வெள்ளைக்காரன்’ என்று மொத்தமாகச் சொன்னால் பாதிதான் சரி. செங்கல்பட்டில் பொறுப்புக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். பறையர் மக்களின் நிலைமை பற்றிய அறிக்கை. உழுகிறவனுக்கு உழும் நிலம் சொந்தமில்லை, குடியிருக்கும் சேரி மனைகூடச் சொந்தமில்லை என்பதை வரிவரியாக எழுதினார். அங்கே மிராசு முறை, அதாவது ஊர் நிலத்தின் மேல் சில குடும்பங்களுக்குப் பரம்பரை உரிமை. தரிசு கிடக்கிறதே என்று ஒரு கூலிக்காரர் அதைத் தனக்குக் கொடுக்கும்படி தர்க்காஸ்து மனு போட்டால், மிராசுதாருக்கு முன்னுரிமை. அதுவரை அவர் திரும்பியும் பார்க்காத தரிசு, அடுத்தவன் கேட்டதும் அவருக்குத் தேவைப்பட்டுவிடும். இந்தப் பூட்டைத்தான் அவர் எடுத்துக் காட்டினார். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த் துறை அரசாணை 1010, 1010-ஏ அதன் விளைவு.

அவர் கருணையால் மட்டும் வந்தது என்றும் நினைக்க வேண்டாம். அதே 1891 டிசம்பரில் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டி, தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுக்கக் கேட்டுத் தீர்மானம் போட்டார். கேட்டவர்கள் இருந்தார்கள்.

12 லட்சம் என்பது அன்றைய சென்னை மாகாணத்தை வைத்து இயக்கங்கள் சொல்லும் கணக்கு. ஆந்திரக் கடற்கரையும் மலபாரும் அந்த மாகாணத்தில்தான் இருந்தன. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்குத் தமிழக அரசு கொடுத்த கணக்கு சுமார் 1.26 லட்சம் ஏக்கர். அதில் மற்றவர் கையில் இருப்பது பத்தாயிரத்துச் சொச்சம் ஏக்கர்தான் என்கிறது அதே கணக்கு. அந்தச் சொச்சத்தை எந்தப் பதிவேட்டை வைத்து எண்ணினார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மேலே முதல் பதிலில் அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் கேளுங்கள். 1994இல் மாமல்லபுரத்துக்கு அருகே காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ‘பஞ்சமி’ என்ற சொல் தாலுகா ஆபீஸ்களில் சத்தமாகப் பேசப்பட்டது. அதுவரை அதை வாயில் எடுக்கும் மனுதாரரைப் பார்த்து “யாருய்யா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்பதுதான் வழக்கம். 2011 ஜனவரியில் பஞ்சமி நிலம் பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் மூவர் குழு அமைத்தார்கள். மே மாதம் ஆட்சி மாறிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

நான் பட்டியல் சாதி இல்லை. மாதச் சம்பளக்காரன். லேஅவுட்டில் 1,200 சதுர அடி மனை வாங்கினேன். முப்பது வருட வில்லங்கம் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கி வக்கீல் “இது டி.சி. நிலம்” என்று திருப்பிவிட்டார். நான் என்ன பாவம் செய்தேன்? – பெயர் வேண்டாம், தாம்பரம்

பாவம் எதுவும் செய்யவில்லை. ஆனால் நிலம் உங்களுடையதும் இல்லை. வில்லங்கச் சான்று, பதிவான பத்திரங்களின் பட்டியல் மட்டுமே. 1892க்குப் பிறகு தாசில்தார் கொடுத்த ஒப்படை ஆணையின் நிபந்தனை அதில் ஏறாது. முப்பது வருடம் பார்த்தாலும் அறுபது வருடம் பார்த்தாலும் ஏறாது.

நீங்கள் சண்டை போட வேண்டியது மனை விற்றவரோடு. உரிமையில் இருக்கும் குறையை மறைத்து விற்றது அவர். பணத்தைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ், நுகர்வோர் ஆணையம், மோசடிப் புகார் என்று வழி இருக்கிறது. குறை தெரியவந்த நாளிலிருந்து காலக்கெடு ஓடுகிறது, தள்ளிப்போடாதீர்கள். அந்த மனையில் அவசரமாக ஒரு ஷெட் போட்டு மின் இணைப்பு வாங்கிக் ‘குடியேறிவிடலாமா’ என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நட்டம் கூடுமே தவிர உரிமை வராது. பட்டா மாற்றிக் கொடுக்கிறேன் என்று ஒரு இடைத்தரகர் கேட்கும் தொகையையும் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். மன்னிக்கவும்.

நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தைய கதையை ஏன் கிளறுகிறீர்கள்? கொடுத்த நிலத்தை விற்றுத் தின்றது அவர்கள்தானே? இன்று மீட்டுக் கொடுத்தாலும் நாளைக்கே விற்றுவிடுவார்கள். – வாசகர், திருவண்ணாமலை

ஐயா, உங்கள் கடிதத்தை அச்சிட வேண்டும் என்று நான்தான் ஆசிரியரிடம் சொன்னேன். பல பேர் மனதில் இருப்பதை நீங்கள் கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறீர்கள்.

ஒப்படையானது எந்த நிலம்? பெரும்பாலும் மேட்டுத் தரிசு. ஏரிப் பாசன நன்செய் எல்லாம் அதற்கு முன்பே மற்றவர் கைக்குப் போய்விட்டது. கிணறு வெட்டப் பணமில்லை, மாடு இல்லை, விதை இல்லை. நிபந்தனை காரணமாக நிலத்தை ஈடு காட்டி முறையான கடனும் வாங்க முடியாது. அப்புறம் மழை பொய்த்த வருஷம் யாரிடம் போவார்? யாரிடம் படியாளாக வேலை செய்கிறாரோ அவரிடம்தான். கடன் வட்டியோடு ஏறும், ஒருநாள் பத்திரம் எழுதப்படும். அந்தப் பத்திரத்தை எழுதி வாங்கிக்கொள்வது சட்ட விரோதம் என்று தெரிந்தவர் அந்த இருவரில் ஒருவர்தான், அது கைநாட்டு வைத்தவர் இல்லை. மீறல் நடந்ததும் நிலத்தைத் திரும்ப எடுத்து வேறொரு நிலமற்றவருக்குக் கொடுக்க வேண்டிய கடமை அரசுக்கு இருந்தது. அதைச் செய்யாமல், நிலத்தை வாங்கினவரிடமிருந்து கந்தாயத்தை (நிலவரியை) மட்டும் வசூலித்துக்கொண்டிருந்தது அரசு. ‘விற்றுத் தின்றார்’ என்பதில் எத்தனை பேர் பங்கு வைத்துத் தின்றார்கள் என்று பாருங்கள்.

நாளைக்கே விற்றுவிடுவார்கள் என்பதற்கு நான் வாதம் செய்யப்போவதில்லை; கீழ்த்தஞ்சைக்கு ஒரு முறை போய் வாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகுதியிலேயே தங்கி வேலை செய்தவர்கள் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி. 1981இல் ‘லாஃப்டி’ என்ற அமைப்பைத் தொடங்கி, நிலச்சுவான்தார்களிடம் பேசி விலைக்கு வாங்கி, கூலிக்காரக் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர் என்று கொடுத்தார்கள். பட்டா பெண்கள் பேரில். அது காவிரிப் பாசன நிலம், தண்ணீர் இருந்தது, கூடவே நின்று கடனுக்கும் வழி பார்க்க ஆள் இருந்தது. மேட்டுத் தரிசைக் கொடுத்துவிட்டுக் கைகழுவியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நிலத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். எனவே என் கட்சி இதுதான்: மீட்டுக் கொடுப்பதோடு கிணறும் மின் இணைப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வெறும் பட்டா விநியோக விழா எனக்கும் உடன்பாடில்லை.

கதை பழையது என்கிறீர்கள். உங்கள் பரம்பரைச் சொத்தின் மூலப்பத்திரம் எந்த வருஷத்தது என்று ஒரு தடவை எடுத்துப் பாருங்களேன்.

பக்கத்து மாநிலங்களில் இதற்குத் தனிச் சட்டம் உண்டாமே? – வழக்கறிஞர், ஓசூர்

உங்கள் ஊரிலிருந்து எல்லை தாண்டினால் போதும். கர்நாடகத்தில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பி.டி.சி.எல். என்று சொல்வார்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு அரசு கொடுத்த நிலம் நிபந்தனையை மீறிக் கைமாறியிருந்தால், சட்டம் வருவதற்கு முன்பு நடந்த மாற்றமாக இருந்தாலும் செல்லாது. உதவி ஆணையரே விசாரித்து, இருப்பவரை வெளியேற்றி, மூல ஒப்படைதாரருக்கோ அவர் வாரிசுக்கோ நிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். மனு கொடுக்க ஆளில்லை என்றாலும் தானாக முன்வந்து எடுக்கலாம். உச்ச நீதிமன்றம் 1984இல் இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. பின்னாளில் “இவ்வளவு தாமதமாக வந்தால் எப்படி” என்று 2017இல் அதே நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதும், பழைய மனுக்கள் எல்லாம் ஆட்டம் கண்டன. 2023இல் திருத்தம் கொண்டுவந்து, காலக்கெடு கிடையாது என்று எழுதிவிட்டார்கள். ஆந்திரத்தில் ஒப்படை நிலங்களுக்கு 1977ஆம் ஆண்டுச் சட்டம்.

இங்கே பஞ்சமி நிலத்துக்கென்று அப்படி ஒரு சட்டம் இல்லை. அரசு நிலத்தை ஒப்படைப்பது பற்றிய வருவாய் வாரிய நிலையாணை 15ஐயும் ஒப்படை ஆணையின் நிபந்தனையையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழக்கிலும் முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறோம். நீங்கள் வழக்கறிஞர், இதன் வலி உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒரே ஒரு வரம் கொடுத்தால் கர்நாடகச் சட்டத்தின் 4, 5 பிரிவுகளைத் தமிழில் எழுதிச் சட்டமன்றத்தில் வைக்கச் சொல்வேன். வாரிசுக்கே நிலம் என்பது, தானாக முன்வந்து விசாரிப்பது. இந்த இரண்டும் வந்தால் மதுராந்தகம் அம்மா போன்றவர்கள் மனுக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

என் அண்ணன் டர்பனில் இருக்கிறார். அங்கே பறித்த நிலத்தையெல்லாம் திருப்பிக் கொடுக்கிறார்களாமே? – வாசகி, சென்னை

எல்லாவற்றையும் இல்லை. 1913 ஜூன் 19க்குப் பிறகு இனவெறிச் சட்டங்களால் நிலம் இழந்தவர்கள் கேட்கலாம் என்று 1994இல் தென்னாப்பிரிக்காவில் சட்டம் போட்டார்கள். கடைசி நாள் 1998 டிசம்பர் 31. எண்பதாயிரத்தை ஒட்டி மனுக்கள் வந்தன. உங்கள் அண்ணனிடம் கேட்டோ மேனர் பற்றிக் கேளுங்கள். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த நம்மவர்கள் காய்கறி போட்டு வாழ்ந்த பகுதி அது. இன வாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டத்தால் அவர்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். நகரத்து மனுதாரர்களில் நிறையப் பேர் நிலத்துக்குப் பதில் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நமக்கு அங்கிருந்து எடுக்க வேண்டியது, மனு வாங்கி விசாரிப்பதற்கென்றே தனி ஆணையமும் தனி நீதிமன்றமும் வைத்தார்களே, அதை.

தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய ஏ பதிவேடு கேட்டேன். “ஆவணம் அலுவலகத்தில் இல்லை” என்று ஒரே வரியில் பதில். அவ்வளவுதானா? – வாசகர், செய்யாறு

அந்த ஒரு வரிக்கு மயங்காதீர்கள். தாலுகா ஆபீஸில் இல்லாதது மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் சேப்பாக்கத்தில் நில அளவை, நிலவரித் திட்ட இயக்ககம். அதையும் தாண்டினால் எழும்பூர் ஆவணக் காப்பகம். மூன்று இடத்துக்கும் தனித்தனியாகப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் இதே மாதிரி இருந்தாலோ முதல் மேல்முறையீடு. அதில் “ஆவணம் அழிக்கப்பட்டிருந்தால் அழித்ததற்கான ஆணையின் நகல் தருக” என்று ஒரு வரி சேருங்கள். ஏ பதிவேடு நிரந்தரமாக வைக்க வேண்டிய ஆவணம். அழித்தோம் என்று எழுதித் தர யாருக்கும் தைரியம் வராது. பல இடங்களில் இந்த வரி போனதும் பதிவேடு அலமாரிக்குப் பின்னாலிருந்து கிடைத்துவிடும். நகல் தர மறுத்தால் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். முதல் பக்கத்தையும் கிராமப் பெயர் உள்ள பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். எண் உள்ள பக்கம் மட்டும் இருந்தால் “இது எந்த ஊர்ப் பதிவேடு?” என்பார்கள்.

தாட்கோவின் ‘நன்னிலம்’ திட்டத்தில் நிலம் வாங்க விண்ணப்பித்திருக்கிறேன். வாங்கினால் எங்கள் குடும்பத்தின் பஞ்சமி நிலக் கோரிக்கை போய்விடுமா? – வாசகி, திண்டிவனம்

போகாது, அது வேறு இது வேறு. நன்னிலம் என்பது ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான அரசுக் கழகமான தாட்கோ, ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்கக் கொடுக்கும் மானியம், பாதி விலை, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய். தாராளமாக வாங்குங்கள், உங்கள் பேரிலேயே பதிவாகட்டும். மறு ஒப்படை கேட்கும்போது மட்டும் நிலமற்றவர் என்ற தகுதியைக் கிளப்புவார்கள். அந்த மனுவை வீட்டில் நிலமில்லாத வேறொரு வாரிசு பேரில் போடுங்கள்.

திட்ட விதிப்படி விற்பவர் ஆதிதிராவிடர் அல்லாதவராக இருக்க வேண்டும். அவர் காட்டும் கம்ப்யூட்டர் பட்டாவோடு நிற்காமல், மேலே சொன்ன பழைய ஏ பதிவேட்டை அந்த எண்ணுக்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால், உங்கள் சேரியிலேயே யாரோ ஒருவர் இழந்த பஞ்சமி நிலத்தை அவர் உங்களுக்கே மானிய விலையில் விற்றுவிடப் போகிறார்.